நீராவி எஞ்சினில் நீலகிரி ஏற

ஊட்டி மலை ரயிலில் நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் குன்னூர்–ஊட்டி டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே இழுப்பது டீசல். நீராவி ஓடுவது மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியில்தான். ஐஆர்சிடிசியில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும்; இருக்கைகள் குறைவு, அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. அது காலையில் மேட்டுப்பாளையம் சேரும். மலை ரயில் கிளம்புவது 7 மணிக்கு மேல்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். காட்சிக்கு முன்பெட்டி, எஞ்சின் சத்தத்துக்குக் கடைசிப் பெட்டி. எங்கள் தேர்வு கடைசிப் பெட்டிதான்.

கல்லாறு நிலையம் தாண்டியதும் தண்டவாளங்களின் நடுவே பாருங்கள்: இரட்டைப் பல்சட்டம் (பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்) தொடங்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வியே ஏறும், ஏனென்றால் சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். எஞ்சினை இயக்கும் நான்கு சிலிண்டர்களில் (நீராவி உந்தும் உருளைகள்) இரண்டு இந்தப் பற்சக்கரத்துக்கே. இங்கே வேகம் மணிக்கு 13 கி.மீ.தான். வழியில் தண்ணீர் நிரப்ப நிற்கும்போது எஞ்சினை அருகில் பார்க்கலாம், விசில் கேட்டதும் ஏறிவிடுங்கள்.

அக்டோபர்–டிசம்பர் மழையில் மண்சரிவால் ரயில் அடிக்கடி ரத்தாகும். திரும்பும் பயணத்தை அதே நாளில் நெருக்கி வைக்காதீர்கள்.