தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூனியர் கோல்ஃப் போட்டிகளுக்கு இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறையில் கோல்ஃப் போட்டி வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "உனக்கு ஆடத் தெரியுமா?" ஆடத் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்கவும், எண்களைத் தப்பில்லாமல் எழுதவும், கோபமாக வருகிற பெற்றோரிடம் குரலை உயர்த்தாமல் பேசவும் தெரிந்தால் போதும். அதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டாச்சே என்று தாத்தா இழுத்தால் பாப்வா செவ்கோலம் பெயரைச் சொல்லுங்கள். ஆடுபவர்களின் பையைச் சுமக்கும் கேடியாக (caddie) இருந்த டர்பன் இந்தியர், 1963-இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்றவர். நிறவெறிக் காலம் அது, கிளப் கட்டடத்துக்குள் விடாமல் வெளியே மழையில் நிற்கவைத்துத்தான் அவருக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தக் கதையைத் தாத்தா சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.

நவம்பர் தேர்வு முடியட்டும் என்று இருக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரிலேயே மாகாண கோல்ஃப் சங்கத்துக்கும் பக்கத்து கிளப்புகளுக்கும் எழுதுங்கள். சம்பளம் உண்டா என்று கேட்பதற்கு முன் எப்படிப் போய்ச் சேர்வது என்று யோசியுங்கள், ஏனென்றால் முதல் குழு 7 மணிக்குக் கிளம்புகிறது என்றால் நீங்கள் 6 மணிக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும், சாட்ஸ்வொர்த் மாதிரி புறநகரிலிருந்து வடக்குக் கடற்கரைப் பக்கம் அந்த நேரத்துக்கு டாக்ஸியை நம்பிப் போக முடியாது. காரில் போகும் இன்னொரு இன்டர்னோடு சேர்ந்துகொள்வதுதான் நல்லது. சிறுவர்களோடு வேலை என்பதால் 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி சிறுவர்களோடு வேலை செய்யத் தகாதவர்கள் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள், அதற்கு நாளாகும், அடையாள ஆவணங்களை முன்பே தயாராக வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி எடுக்கிறவர்கள் அந்தத் தேதியை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் உங்களை ஸ்டார்ட்டர் மேசையில், அதாவது குழுக்களை நேரப்படி ஆட்டத்துக்கு அனுப்பும் மேசையில், உட்கார வைக்கலாம். ஸ்கோர் கார்டைக் கொடுப்பது, பெயரைக் கூப்பிடுவது, பையில் 14 கிளப்புக்கு (அடிக்கும் மட்டைக்கு) மேல் இல்லையே என்று எண்ணிக்கொள்ளச் சொல்வது, இவ்வளவுதான். ஆனால் நேரத்தில் விளையாட்டு வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் தாமதமாக வந்தால் 2 ஸ்ட்ரோக் (அடி) கூட்டித் தண்டனை, அதைத் தாண்டினால் பையன் போட்டியிலிருந்தே வெளியே. ஆகவே மேசையில் இருக்கிற கடிகாரம்தான் கடிகாரம், அப்பாவின் கைபேசி இல்லை.

அப்புறம் மைதானத்தில் சுற்றும் வேலை. காட்டுக்குள் போன பந்தைத் தேட 3 நிமிடம்தான், 2019-க்கு முன்பு 5 நிமிடம், பழைய ஆட்களுக்கு இன்னும் அந்த 5 தான் மனதில் இருக்கிறது. விதி உங்களுக்குத் தெரிந்தே இருந்தாலும் தீர்ப்பு சொல்லாதீர்கள். வாக்கி டாக்கியில் ரெஃபரியைக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், "தம்பி, நீ யாரோட பிள்ளை? அந்தப் பையன் பந்தை நகர்த்தினான், நான் என் கண்ணால பார்த்தேன்" என்பார். நம்மவர்தானே என்று தலையாட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். "ரெஃபரி வர்றார் அங்கிள், அவர்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

டர்பன் கோடையில் மதியம் இடி வரும். நீளமாக ஒரே ஒரு ஹார்ன் என்றால் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், குழிக்குள் பந்தை உருட்டும் பட் (putt) பாதியில் இருந்தாலும் சரி. மூன்று சிறு ஹார்ன் என்றால் சாதாரண நிறுத்தம், ஆரம்பித்த ஹோலை (குழியை) முடிக்கலாம். இரண்டு சிறு ஹார்ன் வந்தால் மறுபடி ஆடலாம். சின்னப் பிள்ளைகள் மரத்தடிக்குத்தான் ஓடுவார்கள், அவர்களைக் கட்டடத்துக்கோ வண்டிக்கோ கூட்டிப் போவதைத் தவிர அந்நேரம் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

உண்மையில் போட்டி ஜெயிப்பதும் தோற்பதும் ஸ்கோர் மேசையில்தான், அந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். 1968-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ரொபர்ட்டோ டி விசென்சோ என்ற ஆட்டக்காரர் 17-ஆவது ஹோலில் 3 அடித்தார், அவர் எண்களை எழுதும் மார்க்கராகக் கூட ஆடியவர் 4 என்று எழுதிவிட்டார், இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சமநிலையை முடிவு செய்யும் பிளேஆஃப் ஆட்டத்துக்கான வாய்ப்பு அங்கேயே போனது. அடித்ததைவிட அதிகமாக எழுதினால் அந்த எண்ணே நிற்கும், குறைத்து எழுதினால் தகுதி நீக்கம். அதனால் வியர்வையில் நனைந்த கார்டோடு பிள்ளை வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுங்கள், பிறகு மார்க்கரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோலாக எண்ணை வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். 9 அடித்த ஹோல் வரும்போது குரல் தானாக இறங்கிவிடும். அப்போது முகத்தைச் சுளிக்காமல், "ஒன்பது, சரியா?" என்று மட்டும் கேளுங்கள். கூட்டல் போட்டிக் குழுவின் பொறுப்பு, பிள்ளையின் பொறுப்பு ஹோல் எண்களும் கையெழுத்தும்தான். இரண்டு கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுந்து போக விடுங்கள். அம்மா கயிற்றுக்கு வெளியே எவ்வளவு அவசரப்பட்டாலும்.

படம் எடுத்துப் போடும் வேலை வந்தால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், நம் நாட்டுத் தனிநபர் தகவல் சட்டம் சிறுவர் விஷயத்தில் கடுமையானது.

சாப்பாடு. கிளப்பில் கிடைப்பது பெரும்பாலும் இறைச்சி ரோல், விரதக்காரர்கள் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பையை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள். டர்பன் குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும், டப்பாவை எடுத்து மூடியைத் தனியாகக் கழற்றிப் போட்டுவிட்டு உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து தின்னும். காருக்குள் பூட்டி வையுங்கள்.

கடைசிப் போட்டி முடிந்த வாரத்திலேயே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், பிப்ரவரியில் கேட்டால் உங்கள் முகம் யாருக்கும் நினைவிருக்காது. எத்தனை நாள், எந்தெந்த மேசை, எந்த வயதுப் பிரிவு என்று நீங்களே நாலு வரி எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை மிச்சம், கடிதமும் சீக்கிரம் வரும்.