சனிக்கிழமை மழை வருமா? ஒரு வாலிபால் மைதானத்தின் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகிற பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் கிளப்பின் மைதானம் இருக்கிறது. செம்மண் தளம். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் மின்னொளி வாலிபால் போட்டி நடத்துகிறோம். அணிகளை அழைப்பது, பரிசுக்கு ஆள் பிடிப்பது, சாப்பாடு எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தளம், லைட், மழை மூன்றும் என் பொறுப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் போட்டியின்போது காலையில் போனில் பார்த்தேன். மழைக்கு 20 சதவீத வாய்ப்பு என்று இருந்தது. நிம்மதியாகக் கோடு போட்டோம். மத்தியானம் மூன்றரைக்கு மலைப் பக்கம் கறுத்தது. நாலேகாலுக்கு முதல் இடி. மைதானத்தைச் சுற்றி எட்டு இரும்புக் கம்பங்கள், எல்லாவற்றிலும் வாடகை லைட். அது நனைந்து கெட்டுப்போனால் காசு கேட்பார்களே என்று ஒரு பையன் யாரும் சொல்லாமலே கம்பத்தில் ஏறிக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். "இறங்கு மக்கா, லைட்டு போனா போட்டும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் இறங்கிப் பத்தடி நடந்திருப்பான், மைதானத்துக்குப் பின்னால் நின்ற அயினி மரத்தில் இடி விழுந்தது. பட்டை உச்சியில் இருந்து வேர் வரைக்கும் ஒரே கீற்றாக உரிந்து, வெள்ளையாகத் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. போனில் நான் பார்த்த 20 சதவீதம் நாகர்கோவிலுக்கு உரியது. ஊர்ப் பெயரை நான் மாற்றவே இல்லை. அன்று நாகர்கோவிலில் ஒரு துளி விழவில்லை. போன் சொன்னது சரி, நான் பார்த்த இடம்தான் தப்பு.

அதனால் முதலில் இடத்தைச் சரி செய்யுங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் மைதானத்தில் நின்றுகொண்டு வரைபடத்தில் அந்தப் புள்ளியை அழுத்திச் சேமித்து வையுங்கள். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் மழைக்கு அது ஒரே மாவட்டம் இல்லை. பேப்பரில் தினமும் போடுகிற மழை அளவுப் பட்டியலைப் பாருங்கள்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சுருளோடு, பாலமோர், தக்கலை, குளச்சல், மயிலாடி, கொட்டாரம் என்று வரிசையாக வரும். ஒரே நாளில் பாலமோரில் நல்ல மழை, மயிலாடியில் ஒன்றுமே இல்லை என்பது சாதாரணம். போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து அந்தப் பட்டியலில் உங்கள் மைதானத்துக்குப் பக்கத்து ஊரை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். இன்னொன்று: வானிலை ஆய்வு மையத்தின் மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. சனிக்கிழமை சாயங்காலம் பெய்த மழை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் வரும். இது தெரியாமல் தேதியைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

அடுத்தது, எந்தப் பருவத்தில் போட்டி, மழை எந்தப் பக்கம் இருந்து வரும் என்பது. ஏப்ரல், மே மாதக் கோடை மழை காலையில் அடையாளமே காட்டாது. வெயில் ஏற ஏற மலை மேல் மேகம் கட்டி, மூன்று மணிக்குப் பிறகு இடியோடு இறங்கும். அப்போது கிழக்கே, மலையைப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்கிற தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் கதை வேறு. அது கடலில் இருந்து கூட்டம் கூட்டமாக வரும், பத்து நிமிஷம் கொட்டும், வெயில் அடிக்கும், திரும்ப வரும். அப்போது மேற்கே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் குமரிக்கடல் பக்கம் சுழற்சி ஏதாவது இருந்தால் ராத்திரியிலும் விடியற்காலையிலும்கூடப் பெய்யும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தில் போட்டி வைப்பவர்களுக்கு ஆனி, ஆடியில் மழையைவிடக் காற்றுதான் பிரச்சினை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கணவாய் வழியாக வருகிற காற்றில் சர்வீஸ் போட்ட பந்து எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. பூப்பந்து என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். அங்கே மழைச் சதவீதத்தை விட்டுவிட்டுக் காற்றின் வேகத்தையும், இடையிடையே அடிக்கிற பலத்த காற்றின் வேகத்தையும் மணிவாரியாகப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முக்கியமான ஆட்டங்களை முடிப்பது நல்லது.

இனி எப்போது எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன். பத்து நாளுக்கு முன்னால் செயலி காட்டுகிற மேகப் படத்தை நம்பி நோட்டீஸ் அடிக்காதீர்கள். "26ஆம் தேதி மாலை 4 மணிக்கு மழை" என்று பத்து நாளுக்கு முன்பே காட்டினால், அது கம்ப்யூட்டர் கணக்கின் ஒரு விடை, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: வங்கக்கடலிலோ குமரிக்கடலிலோ தாழ்வுப் பகுதி எதுவும் உருவாகிறதா? ஒக்கியை நாம் மறக்க முடியாது. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், மறுநாள் 30ஆம் தேதி புயல். எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்து கிடந்தன. கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. குமரிக்கடலில் ஏதாவது உருவாகிறது என்ற செய்தி வந்தால் போட்டியைத் தள்ளி வைக்க யோசிக்கவே வேண்டாம்.

மூன்று நாள் இருக்கும்போது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். தமிழிலேயே வருகிறது. அதில் வார்த்தைகளுக்குக் கணக்கு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் நாலில் ஒரு பங்கு இடங்களுக்கு மேல் மழை இருக்காது. "ஒருசில", "அநேக", "பெரும்பாலான" என்று போகப்போக அந்தப் பங்கு கூடும். "பெரும்பாலான இடங்களில்" என்று போட்டிருந்தால் உங்கள் மைதானம் தப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல், மிக கனமழை 115.6க்கு மேல், அதி கனமழை 204.4ஐத் தாண்டியது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மக்களைக் காப்பதற்காக விடுபவை, வாலிபால் தளத்துக்காக அல்ல. மஞ்சள்கூட இல்லாத நாளில் இருபது நிமிஷம் பெய்கிற பத்து மில்லிமீட்டர் போதும், செம்மண் தளம் சேறாகிவிடும். எச்சரிக்கை இல்லை என்பதற்கு ஆட்டம் நடக்கும் என்று அர்த்தம் இல்லை.

சதவீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நான் ஏமாந்த இடம் அதுதானே. 40 சதவீதம் என்றால் இதே மாதிரியான பத்து நாளில் நாலு நாள் அந்த இடத்தில் மழை பெய்யும் என்று அர்த்தம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்பதை அது சொல்லாது. நாள் முழுவதற்கான சதவீதத்தை விட்டுவிட்டு, மணிவாரிச் சதவீதத்தை எடுங்கள். காலை 6 முதல் மத்தியானம் 1 வரை குறைவாகவும் 3 முதல் 7 வரை கூடுதலாகவும் இருந்தால், உங்களுக்குத் தேவையான விடை அதிலேயே இருக்கிறது.

முந்தின நாள் விண்டி மாதிரி, ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளைக் காட்டுகிற செயலியைத் திறங்கள். ஐரோப்பிய மையத்தின் கணக்கு ஒன்று, அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மழை காட்டினால் நான் தார்ப்பாயை எடுத்துவைத்துவிடுவேன். ஒன்று காட்டி மற்றொன்று காட்டாவிட்டால், அந்த நாளைப் பற்றி இன்னும் யாருக்கும் உறுதி இல்லை என்று எடுத்துக்கொள்வேன். புதிய கணக்குகள் நம் நேரப்படி மத்தியானத்தை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வந்து சேரும். அதனால் மத்தியானம் ஒரு மணிக்கும் மறுநாள் காலையிலும் பார்த்தால் போதும். அரைமணிக்கு ஒருதரம் பார்த்தால் பயம்தான் கூடும், விவரம் கூடாது. வாட்ஸ்அப்பில் வருகிற மழைச் செய்தியில் தேதி இல்லை என்றால் படிக்கவே வேண்டாம். போன வருஷத்து எச்சரிக்கைப் படம் ஒவ்வொரு மே மாதமும் எங்கள் குரூப்பில் சுற்றுகிறது.

போட்டி நாளில் முன்னறிவிப்பைவிட ரேடார்தான் பேசும். திருவனந்தபுரத்தில் உள்ள டாப்ளர் ரேடாரின் எல்லைக்குள் நம் மாவட்டம் வருகிறது. வானிலைத் துறையின் தளத்திலும் மௌசம் செயலியிலும் படம் கிடைக்கும். திறந்ததும் முதலில் படத்தில் இருக்கிற நேரத்தைப் பாருங்கள். அது உலகப் பொது நேரத்தில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். சில நேரம் பழைய படமே நின்றுபோயிருக்கும், அதை நம்பி ஆட்டம் ஆரம்பித்துவிடக் கூடாது. படம் புதிதாக இருந்தால் பதினைந்து, இருபது நிமிஷ இடைவெளியில் மூன்று படங்களைப் பாருங்கள். மஞ்சளும் சிவப்புமாகத் தெரிகிற திட்டு, அதாவது பலத்த மழை, எந்தப் பக்கம் நகர்கிறது, பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்பதுதான் கேள்வி. திற்பரப்பு மேல் நின்றது அரைமணியில் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. நகராமல் அங்கேயே கரைந்தும் போயிருக்கிறது. கூடவே வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக விடுகிற அறிவிப்பையும் பாருங்கள். கோடை மழைக்கு அதைவிட உபயோகமான அறிக்கை எனக்குத் தெரியாது.

எங்கள் சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது, கூலியும் கிடையாது. அதனால் விடியற்காலையில் எழுந்ததும் அவர் முதலில் செய்வது வானத்தைப் பார்ப்பதுதான். போட்டி நாள் காலையில் நான் அவரைக் கேட்காமல் இருக்க மாட்டேன். "மலை உச்சி பக்கத்தில வந்த மாதிரி தெளிவா தெரியுதுடே, சாயங்காலம் பாத்துக்கோ" என்பார். அவர் சொல்வதை ரேடாரோடு சேர்த்துப் பார்ப்பேன், ரேடாருக்குப் பதிலாக அல்ல. கடற்கரைப் பக்கம் போட்டி வைப்பவர்கள் கட்டுமரக்காரர்களிடம் காற்றைக் கேளுங்கள். கச்சான், அதாவது மேற்குக் காற்று, எப்போது பிடிக்கும் என்று அவர்கள் சொல்கிற மாதிரி எந்தச் செயலியும் சொல்லாது. கடற்கரை மணலிலேயே ஆட்டம் என்றால் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையத்தின் கள்ளக்கடல் எச்சரிக்கையைக் கட்டாயம் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கும்போதே அலை திடீரென்று ஏறிவரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு முடிவெடுப்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும். நாங்கள் போட்டிக்கு முன்பே அணி மேனேஜர்களிடம் சொல்லிவிடுகிறோம்: மத்தியானம் ஒரு மணிக்கு ரேடாரும் மூன்று மணி நேர அறிவிப்பும் பார்ப்போம், மிச்ச ஆட்டம் உண்டா இல்லையா என்பதை இன்னார் சொல்வார், அதில் வாதம் கிடையாது. நேரத்தையும் மாற்றினோம். முன்பு சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிப்போம். இப்போது லீக் ஆட்டங்களைக் காலை ஆறரைக்கு ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிக்கிறோம், மிச்சத்தை இரவு எட்டு மணிக்கு மேல் வைக்கிறோம். ஏப்ரலில் மூன்றில் இருந்து ஏழு வரையான நேரத்தை மழைக்கே விட்டுவிட்டோம். மழை வராத நாளில் அந்த நேரத்தில் பையன்கள் தூங்குகிறார்கள்.

மின்னல் விஷயத்தில் மட்டும் எந்த முன்னறிவிப்புக்கும் காத்திருக்காதீர்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். செயலி இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு போதும். மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள், இடி கேட்கிற வரை. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள், செட் பாயின்டாக இருந்தாலும் சரி. மெயின் சுவிட்சை அணையுங்கள். எல்லாரையும் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ பஸ்சுக்குள்ளோ அனுப்புங்கள். மரத்தடியும் சாமியானாப் பந்தலும் இரும்புக் கம்பத்தின் பக்கமும் கூடாது. லைட்டைக் கழற்ற யாரும் ஏறக் கூடாது. வாடகை லைட் கெட்டால் கிளப் காசு கொடுக்கும் என்று ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் பையன்கள் ஏற மாட்டார்கள்.

கடைசி இடி கேட்ட நேரத்தை ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். அதிலிருந்து முப்பது நிமிஷம். நடுவில் இன்னொரு இடி கேட்டால், பழைய நேரத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, முதலில் இருந்து எண்ணுங்கள். முப்பது நிமிஷம் ஆன பிறகு தளத்தில் நிற்கிற தண்ணீரை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்து, ஆற்றுமணலும் மரத்தூளும் தூவி, ரோலர் இழுத்து, கோட்டைத் திரும்பப் போடுங்கள். எங்கள் தளத்துக்கு அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.