பிள்ளையின் ஜீன் ரிப்போர்ட்டில் எதை முதலில் பார்ப்பது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் காட்பாடி ஸ்டேஷனில் நின்றபடியே செல்போனில் தேடாதீர்கள். என் அக்கா மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன வருடம் நான் அதைத்தான் செய்தேன், குடியாத்தம் போய்ச் சேர்வதற்குள் அக்காவை அழ வைத்துவிட்டேன்.

முதலில் என்ன டெஸ்ட் என்று பாருங்கள். மைக்ரோஅரே என்றால் குரோமோசோமில் ஒரு துண்டு குறைகிறதா, கூடுதலாக இருக்கிறதா என்று பார்ப்பது. எக்ஸோம் என்றால் புரதம் தயாரிக்கக் குறிப்பு தரும் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஃப்ராஜைல் எக்ஸுக்கு (அறிவு வளர்ச்சியைப் பாதித்து, ஆட்டிசமும் வரவைக்கக்கூடிய ஒரு ஜீன் நோய்) தனி டெஸ்ட் வேண்டும். எஃப்எம்ஆர்1 ஜீனில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால்தான் அந்த நோய், 55-லிருந்து 200 வரை என்றால் அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய நிலை. அதனால் எக்ஸோம் நார்மல் என்று வந்துவிட்டது, ஃப்ராஜைல் எக்ஸ் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டில் சொல்லியிருக்கும் ஜீன் மாற்றத்தை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2015-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி ஐந்து வகை உண்டு: நோய் தருவது, அநேகமாகத் தருவது, அர்த்தம் தெரியாதது (வி.யூ.எஸ்), அநேகமாகத் தீங்கில்லாதது, தீங்கில்லாதது. நடுவில் இருக்கிற வி.யூ.எஸ்-தான் வீட்டில் சண்டையைக் கிளப்பும். அதைக் காரணம் என்று பேசவே வேண்டாம், அதை வைத்து அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுக்கவும் வேண்டாம். அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் மட்டும் புதிதாக வந்த மாற்றம் என்றால் அதற்கு எடை கூடும்.

சொந்தத்தில் கட்டியிருந்தால் (அக்கா மகளோ, மாமன் மகளோ) டாக்டரிடம் மறைக்காதீர்கள், நம் பக்கம் அது சகஜம்தான். ஒடுங்குநிலை (ரிசெஸிவ்) நோய் வர ஒரே ஜீனின் கெட்ட பிரதி அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டும், இருவரும் அப்படி ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. இருவரும் பாதிப் பாதி கொடுத்ததற்கு மருமகளை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தமில்லை. பிள்ளையைக் கவனித்து, வளர்ந்த கதையைக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். வலிப்பு இருந்தால் இஇஜி (மூளையின் மின் அலையைப் பதிவது), டாக்டர் காரணம் சொன்னால் எம்ஆர்ஐ, சரி. ஆனால் மூளைப் படம் எடுத்தே ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும்) உண்டா இல்லையா என்று சொல்கிறோம் என்றால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள், ஏனென்றால் ஆராய்ச்சியில் மார்க்கர் (நோயின் அடையாளம்) என்று சொல்வது பெரும்பாலும் நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் சின்ன வித்தியாசம், அது உங்கள் ஒரு பிள்ளையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. ஜீனிலும் இதே கதைதான்: மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) 2022-இல் வெளியான பெரிய ஆய்வு 287 மரபணு இடங்களைக் காட்டியது; ஒவ்வொன்றின் பங்கும் துளிதான், அதிலும் தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையத்துக்கோ, வேறு எங்கோ காட்டப் போகும்போது முழு ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள், கடைசிப் பக்கம் மட்டும் போதாது. மேலே இருக்கும் தேதியையும் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால், அந்த வி.யூ.எஸ் இப்போது வேறு வகைக்கு மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.