சாஃப்ட் பெயின்ட் காருக்கு எந்தப் பாலிஷ்? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

காலை வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். தூசியைக் கழுவாமல் தினமும் துணியால் துடைத்ததன் பலன். என் கருப்புக் காரில் இதை எடுப்பதற்காகக் கடையில் இருந்ததிலேயே காரமான காம்பவுண்டை (பெயின்ட்டைத் தேய்த்துக் கீறலை எடுக்கும் பசை) வாங்கி வந்தேன். இரண்டே நிமிடத்தில் கீறல் போனது. ஆனால் அந்த இடம் முழுக்கக் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளைப் படலம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, தேய்க்கத் தேய்க்கக் கூடியது.

இப்படி நடந்துகொள்வதுதான் சாஃப்ட் பெயின்ட். கீறல் சுலபமாகப் போகும், அதே சுலபத்தில் பாலிஷும், மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடும், துணியும் புதுத் தடம் போடும். அதனால் கீறலை எடுப்பதைவிட, தடமில்லாமல் முடிப்பதுதான் இதில் பெரிய வேலை. பாலிஷைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நாம் கைவைப்பது மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டில். அதன் தடிமன் பொதுவாக 40 மைக்ரான் அளவுதான். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் குறைகிறது, திரும்ப வளராது. நகத்தால் வருடினால் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பழைய வண்டியாக இருந்தால் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் கிளியர் கோட்டே கிடையாது, அல்லது அது ஏற்கெனவே தேய்ந்துபோய்விட்டது. இரண்டாவதாக இருந்தால் மேற்கொண்டு தொடாதீர்கள்.

படி 1: கழுவுதல்

நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு, இரண்டு வாளி வைத்துக் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். கை வைத்தால் சொரசொரவென்று இருந்தால் ஃபைன் ரக கிளே பாரை (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தாராளமாக ஷாம்பூ தண்ணீர் விட்டு மெதுவாக வழுக்கித் தேயுங்கள். சாஃப்ட் பெயின்ட்டில் கிளே லேசாகத் தடம் போடும்; பயப்படாதீர்கள், எப்படியும் பாலிஷ் போடப்போகிறோம்.

படி 2: பாலிஷ் வாங்குதல்

காம்பவுண்ட், மீடியம் பாலிஷ், ஃபினிஷிங் பாலிஷ் என்று காரம் குறைந்துகொண்டே போகும். மென்சர்னா பிராண்ட் பாலிஷில் எண் சிறியதாக இருந்தால் காரம் அதிகம்: 400 கடுமையாக வெட்டும், 2500 நடுத்தரம், 3500-ம் 3800-ம் முடிப்பதற்கு. மெக்வையர்ஸ் பிராண்டில் எம்105 காம்பவுண்ட், எம்205 ஃபினிஷிங் பாலிஷ். நமக்கு முதலில் வேண்டியது எம்205 அல்லது 3500, ஏதாவது ஒன்று. 400-ஐயும் எம்105-ஐயும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கிளேஸ், கிளீனர் வாக்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் கீறலை எடுப்பதில்லை, நிரப்பி மறைக்கின்றன. நாலு வாஷில் பழைய வலை திரும்பி வந்துவிடும்.

படி 3: பேடும் மெஷினும்

டூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுழன்றுகொண்டே வட்டமாக அசையும் பாலிஷ் மெஷின்) போதும். டிரில்லில் மாட்டும் பேட் வேண்டாம், ஒரே இடத்தில் சுழன்று சூடேற்றும். பேட், மெத்தென்ற ஃபினிஷிங் ஃபோம். கம்பளி பேடும் மைக்ரோஃபைபர் பேடும் இந்தப் பெயின்ட்டுக்கு ஆகாது. பேடின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். பாலிஷ் ஊறி அடைத்துப்போன பேடே பாதித் தடத்துக்குக் காரணம்.

படி 4: சோதனைச் சதுரம்

பானெட்டில் டேப் ஒட்டி பக்கம் அரையடியிலிருந்து ஓரடிக்குள் இருக்கும் ஒரு சதுரம் கட்டுங்கள். பாடியின் மடிப்புகளையும் ஓரங்களையும் தவிருங்கள், அங்கே பெயின்ட் மெல்லியது. பேடில் பட்டாணி அளவில் நாலைந்து பொட்டு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, மெஷினின் ஆறு வேகங்களில் நாலாவதில், கையை மெதுவாக நகர்த்தி, நெடுக்கில் ஒருமுறை குறுக்கில் ஒருமுறை என்று நாலைந்து தடவை. அழுத்த வேண்டாம், மெஷினின் எடையோடு உள்ளங்கை எடை போதும். கடைசித் தடவை உள்ளங்கை எடையும் வேண்டாம்.

நல்ல மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அப்புறம் தண்ணீரில் பத்து சதவீதம் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து மறுபடி ஒற்றி எடுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைத்திருந்தால் இப்போது தெரிந்துவிடும். இனி டார்ச் அடித்துப் பாருங்கள்.

கீறலும் இல்லை, வெள்ளை மூட்டமும் இல்லையா? பாலிஷ் கிடைத்துவிட்டது, வண்டி முழுக்க அதையே போடுங்கள்.

பளபளப்பு இருக்கிறது, கீறலும் மிச்சமிருக்கிறது என்றால் உடனே காரமான பாலிஷுக்குத் தாவாதீர்கள். அதே பாலிஷை ஒரு படி கெட்டியான ஃபோமில் போடுங்கள். அதுவும் சரிவராவிட்டால்தான் 2500, அதற்கு மேல் மறுபடி ஃபினிஷிங்.

கீறல் போய் மூட்டம் நின்றால் மூட்டத்தின் கோடுகளைக் கவனியுங்கள். கை துடைத்த திசையில் நேர்க்கோடாக ஓடினால் குற்றவாளி துணி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. திசையே இல்லாமல் பொடிப்பொடியாக வளைந்திருந்தால் பேட் அல்லது பாலிஷ். புதுப் பேட் மாட்டுங்கள், பாலிஷ் காய்வதற்குள் நிறுத்துங்கள், அப்புறமும் இருந்தால் 3800-க்கு இறங்குங்கள். மென்சர்னா போன்றவற்றில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறுக்கும். அதனால் பாலிஷ் படலம் கண்ணாடி போல் தெளியும்வரை ஓட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினாலும் மூட்டம்தான்.

பம்பருக்கு வரும்போது இன்னொரு சதுரம் போட்டுப் பாருங்கள். அது பிளாஸ்டிக், பெயின்ட் தனியாக அடித்தது. எங்கேயாவது இடித்து ரீபெயின்ட் செய்த கதவு இருந்தால் அதற்கும் தனிச் சதுரம். என் காரில் பானெட்டுக்கு ஒத்துப்போன எம்205, பின்பம்பரில் ஒரு கீறலைக்கூட அசைக்கவில்லை.