வண்ணம் பூசியதும் கண் சிமிட்ட மறந்த இண்டிகேட்டர்

என் 1966 பிக்கப்புக்குப் புதிதாக பெயிண்ட் அடித்த மறுநாளே இடது இண்டிகேட்டர் கோளாறு தொடங்கியது. பகலில் போட்டால் மங்கலாக மினுங்கும். கூடவே டேஷ்போர்டு விளக்குகளும் லேசாக மின்னும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டால் பின் விளக்கு மினுங்குவதே நின்றுவிடும்.

முதலில் பிளாஷரை, அதாவது இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பாகத்தை, மாற்றினேன். அப்புறம் பல்பு. பிறகு ஸ்டீயரிங்கைக் கழற்றி சுவிட்சையும் மாற்றினேன். மூன்று நாள் வீண்.

டேஷ்போர்டு விளக்கு ஏன் சேர்ந்து மின்ன வேண்டும்? இந்த வண்டியில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழை. அதே பல்புக்குள் டெயில் லைட்டுக்கு இன்னொரு சிறிய இழை. எர்த், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, சரியாக இல்லாவிட்டால் மின்சாரம் அந்தச் சிறிய இழை வழியே திரும்பி, மற்ற விளக்குகளுக்குள் புகுந்துவிடும்.

ஆனால் எர்த்தை மின்தடை அளக்கும் ஓம் மீட்டரில் பார்த்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டியது. அதுதான் என்னை ஏமாற்றியது. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதற்கு ஒரு மெல்லிய தொடுதலே போதும். விளக்கை எரியவிட்டு, பல்பு ஹோல்டருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன்: 4 வோல்ட். 0.2-க்கு மேல் இருக்கவே கூடாது.

பின்பக்கச் சரக்குத் தொட்டி ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டுகள் வழியாகத்தான் சேசிஸோடு, அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தோடு, தொடர்பு. அங்கே மின்சாரத்தைத் தடுக்கும் புது பெயிண்ட். ஹோல்டரிலிருந்து சேசிஸுக்குத் தனி ஒயர் இழுத்து, போல்ட் இடத்தை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். இப்போது 0.05 வோல்ட். ஹெட்லைட் எரியும்போதும் இண்டிகேட்டர் பளிச்சென்று மின்னுகிறது.