பழைய ஸ்டீல் ஸ்கூபா சிலிண்டர் வாங்கும் முன்: சேலத்திலிருந்து ஒரு செய்முறை

சேலத்தில் கடல் இல்லை. புதுச்சேரிக்குப் போய் டைவிங் கற்றுக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். கற்ற கொஞ்ச நாளிலேயே தண்ணீருக்கடியில் சுவாசிக்க முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் சொந்தமாக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். புதியது விலை அதிகம், அதனால் பழையதைத் தேடுவோம். நான் ஸ்டீல்தான் வாங்கச் சொல்வேன். பரவலாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். ஸ்டீல் அப்படி மிதக்காது, மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் குறைவாக இருந்தால் போதும். ஆனால் துரு விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும்.

முதல் படி, விற்பவரிடம் பேசுவதற்கு முன்பே காற்று நிரப்பும் இடத்தில் பேசுங்கள். நான் இதைச் செய்யாமல், பளபளவென்று பெயின்ட் அடித்த ஒன்றை வாங்கினேன். சோதனைத் தேதி காலாவதியாகிவிட்டது என்று நிரப்ப மறுத்துவிட்டார்கள். இந்தியாவில் அழுத்தச் சிலிண்டர்கள் பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) கட்டுப்பாட்டில் வருபவை. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது என்றால் இன்னும் கவனம். சிலிண்டரின் தோளில் (வால்வுக்குக் கீழே உள்ள வளைவில்) பொறித்த எழுத்துகளைப் படமெடுத்து அனுப்பி, 'இதை நிரப்புவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து அந்த எழுத்துகளைப் படியுங்கள். வரிசை எண், வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், நீர்க் கொள்ளளவு, காலி எடை, கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) தேதி எல்லாம் அங்கேயே இருக்கும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை நிரப்பினால் சுமார் 2,400 லிட்டர் காற்று. எண்களைத் தேய்த்திருந்தாலோ, மேலே வேறு எண் அடித்திருந்தாலோ பேரமே வேண்டாம். தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றியது என்றாலும் அப்படியே.

மூன்றாவது எடை. பலர் தாண்டிப்போகும் படி, ஆனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சிலிண்டரை முழுவதும் காலி செய்து, வால்வைக் கழற்றி, பிளாஸ்டிக் அடிக்கிண்ணத்தையும் எடுத்துவிட்டு நல்ல எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள். (அந்த எடை வால்வோடு சேர்த்தா, இல்லாமலா என்பதையும் பாருங்கள்.) எடை தெளிவாகக் குறைந்திருந்தால் அந்த அளவுக்கு இரும்பைத் துரு தின்றிருக்கிறது. பழைய இரும்பு வாங்கி விற்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடிக்கிண்ணத்தைக் கழற்றும்போதே அடியைப் பாருங்கள், உப்புநீர் தேங்குவது அங்கேதான். பெயின்ட் கொப்பளித்திருந்தால் தீயில் பட்டதாக இருக்கலாம். வெல்டிங், அரைத்த தடம் இருந்தால் வாங்காதீர்கள்.

வால்வைக் கழற்றிய பிறகு உள்ளே சின்ன எல்இடி விளக்கை இறக்கிப் பாருங்கள். துடைத்தால் போகிற மெல்லிய செம்பொடி பெரிய பிரச்சினை இல்லை, சுத்தம் செய்துவிடலாம். குழி குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, ஈரத்தோடு பல வருடம் மூடிக்கிடந்த சிலிண்டரில் துருவே உள்ளிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். அந்தப் பழைய காற்றைச் சுவாசித்தால் மயக்கம் வரும். அதனால் பழைய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் புதிதாக நிரப்ப வேண்டும்.

வால்வு மரை மிக முக்கியம். எம்25 (25 மி.மீ.) மரையும் முக்கால் அங்குல மரையும் பார்க்க ஒன்றுபோலத் தெரியும், ஒன்றில் மற்றது ஓரளவு சுழன்று ஏறவும் செய்யும். அழுத்தம் ஏறும்போது வால்வு பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். வால்விலும் சிலிண்டரிலும் பொறித்திருப்பது ஒத்துப்போகாவிட்டால் தொடவே வேண்டாம். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மலிவு, புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. நிரப்பிய சிலிண்டரை வண்டியில் உருளாமல் கட்டுங்கள், சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். 27 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 222 பார் ஆகிவிடும். ஏற்காட்டுக்காரர்களே, டைவ் செய்த அன்றே மலை ஏறாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், டைவ் முடித்து விமானம் ஏறுவதற்குச் சொல்கிற காத்திருப்பு உங்களுக்கும் பொருந்தும்: ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. அந்த இரவு கீழேயே தங்கிவிடுங்கள்.

வீட்டில் வைக்கும்போது சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி, உள்ளே 10 முதல் 20 பார் காற்றை விட்டு வையுங்கள். ஈரம் உள்ளே நுழையாது.