எல்ஃபுக்கும் டுவார்ஃபுக்கும் பகை மூட்டுவது எப்படி? மிகுபுனைவு எழுதத் தொடங்குவோருக்கான செய்முறை

புதிதாக மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதுகிறவர்களின் முதல் வரைவில் பெரும்பாலும் ஒரு விடுதிக் காட்சி இருக்கும். தாடிக்கார டுவார்ஃப் எல்ஃபின் கூரிய காதைக் கேலி செய்ய, எல்ஃப் டுவார்ஃபின் உயரத்தைக் கேலி செய்வான். இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவர்கள் அப்படித்தானே என்பதைத் தவிர எழுதியவரிடம் வேறு விடை இருக்காது. வாசகர் நம்பக்கூடிய பகையைக் கட்டுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். (எல்ஃப் என்பது பெரும்பாலும் காட்டில் வாழும் கூர்க்காது இனம்; டுவார்ஃப் என்பது மலைச் சுரங்கங்களில் வாழும் குட்டையான கைவினை இனம். குள்ளர் என்ற சொல் நம்மிடையே வசையாகவும் புழங்குவதால் டுவார்ஃப் என்றே எழுதுகிறேன்.)

தொடங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பகை பழங்கதைகளிலிருந்து அப்படியே வந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்நோரி ஸ்டர்லுசன் தொகுத்த எட்டா என்ற பழங்கதை நூலில், கரிய எல்ஃபுகளின் உலகத்துக்கு அனுப்பப்படும் தூதன் அங்கே சந்திப்பது டுவார்ஃபுகளைத்தான். இரண்டு இனங்களுக்கும் இடையே தெளிவான கோடே அங்கு இல்லை. இன்று நாம் வழக்கமாகக் கொள்ளும் பகையை வடிவமைத்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். ஆகவே அவர் கட்டிய விதத்தையே பாடமாகக் கொள்ளலாம்.

முதல் படி: சண்டைக்குரிய பொருளைத் தேர்ந்தெடுங்கள்

குணத்திலிருந்து தொடங்காதீர்கள், ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள். டோல்கீன் மறைந்தபின் 1977-இல் வெளிவந்த சில்மரில்லியனில் அது ஒரு கழுத்தணி. முற்காலத்தில் ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசனுக்காக டுவார்ஃபுகள் செய்த அந்த அணி, அவன் இறந்தபின் கைமாறி திங்கால் என்ற இன்னோர் எல்ஃப் மன்னனிடம் வந்து சேர்கிறது. தன்னிடமுள்ள விலைமதிப்பற்ற மணியொன்றை அதில் பதிக்கச் சொல்லி அவன் டுவார்ஃப் கொல்லர்களை அமர்த்துகிறான். வேலை முடிந்ததும் அவர்கள், எங்கள் முன்னோர் ஃபின்ராடுக்குச் செய்ததை நீ எந்த உரிமையில் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவர்களுடைய உண்மையான ஆசை மணியின் மேல்தான் என்பதை உணர்ந்த மன்னன், அவர்களை இழிவாகப் பேசி, கூலியும் தராமல் வெளியேறச் சொல்கிறான். அங்கேயே அவனைக் கொன்றுவிடுகிறார்கள்; பின்னர் அவனுடைய நாடே சூறையாடப்படுகிறது.

இதில் தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள். கொலைக்கும் பேராசைக்கும் நியாயமில்லை, ஆனால் கூலி மறுத்ததற்கும் நியாயமில்லை. இரு தரப்பிடமும் பாதி நியாயம் இருப்பதால்தான் வழக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடுகிறது.

உங்கள் கதைக்கு மரத்தை எடுத்துக்கொள்ளலாம். சுரங்கத்தின் கூரையைத் தாங்க முட்டுக்கால்கள் வேண்டும், இரும்பை உருக்கக் கரி வேண்டும். இரண்டும் காட்டிலிருந்துதான் வர வேண்டும். விழுந்த மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கத்திகள் தருவதாக டுவார்ஃபுகள் ஒப்பந்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குளிர்காலத்தில் அவர்கள் உயிருள்ள மரங்களில் கைவைக்க, எல்ஃபுகள் காட்டை அடைத்துவிடுகிறார்கள்; முட்டு இல்லாத கூரை சரிந்து 40 பேர் இறக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஆயுளைக் கணக்கிடுங்கள்

தொடக்க எழுத்தாளர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். டோல்கீனின் டுவார்ஃபுகள் ஏறத்தாழ 250 ஆண்டுகள் வாழ்கிறார்கள். எல்ஃபுகளுக்கு முதுமைச் சாவே இல்லை. எனவே டுவார்ஃபுக்குப் பாட்டனார் சொல்லி வந்த வரலாறு, எல்ஃபுக்கு நேரில் கண்ட நினைவு. ஒருவருக்குப் பகை பரம்பரைச் சொத்து, மற்றவருக்கு ஆறாத புண். இருவரும் ஒரே மாதிரி கோபப்பட்டால் கணக்கு தவறிவிட்டது என்று பொருள்.

1937-இல் வந்த அவருடைய ஹாபிட் நாவலில் எல்ஃப் மன்னன் ஒருவன் 13 டுவார்ஃபுகளைச் சிறையில் அடைக்கிறான். அடுத்த நெடுங்கதையான லார்ட் ஆஃப் தி ரிங்ஸில், கதைக்கணக்கில் 77 ஆண்டுகள் கழித்து, அந்த மன்னனின் மகன் லெகோலஸ் ஒரு கைதியை இரக்கத்தோடு நடத்தியதாகச் சபையில் சொல்லும்போது, அந்த 13 பேரில் ஒருவரான க்ளோயின், எங்களிடம் அந்த இரக்கம் இல்லையே என்று குத்திக்காட்டுகிறார். பழைய பகையை ஒரே வசனத்தில் கொண்டுவரும் விதத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

வார்ஹாமர் விளையாட்டுலகில் டுவார்ஃபுகள் தங்கள் மனக்குறைகளை ஒரு பேரேட்டில் எழுதியே வைக்கிறார்கள். ஆயுள் குறைந்த இனம் மறக்காமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு தேவை. உங்கள் டுவார்ஃபுகளுக்கும் ஒன்றைக் கொடுங்கள்.

மூன்றாம் படி: இருவர் வாயாலும் சொல்லுங்கள்

ஒரே நிகழ்ச்சியை அரைப் பக்கத்தில் எல்ஃப் சொல்வதாகவும், அரைப் பக்கத்தில் டுவார்ஃப் சொல்வதாகவும் எழுதுங்கள். இரண்டிலும் பொய் இருக்கக்கூடாது; எதை முதலில் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பது மட்டும் மாறட்டும்.

நான்காம் படி: ஒரு நல்ல காலத்தை வையுங்கள்

அதே நெடுங்கதையில் டுவார்ஃபுகளின் பழைய சுரங்க நகரமான மோரியாவின் மேற்கு வாயில் இதற்குச் சான்று. டுவார்ஃபான நார்வி கதவைச் செய்ய, எல்ஃபான கெலெப்ரிம்போர் அதில் எழுத்தைப் பொறித்தான்; அதைத் திறக்கும் சொல்லோ, எல்ஃப் மொழியில் 'நண்பன்'. இழந்த நட்பு ஒன்று இருந்தால்தான் பகைக்கு எடை கூடும்.

ஐந்தாம் படி: சமரசத்தை இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள்

இரண்டு அரசுகள் கைகுலுக்கினால் வாசகருக்கு ஒன்றும் ஆகாது. எல்ஃபுகளின் நாடான லோத்லோரியன் காட்டு எல்லையில், லெகோலஸோடு ஒரே குழுவில் பயணம் செய்யும் க்ளோயினின் மகன் கிம்லிக்கு மட்டும் கண்ணைக் கட்ட வேண்டும் என்கிறார்கள். அவன் முரண்டுபிடிக்க, எல்லார் கண்ணையும் கட்டச் சொல்கிறான் குழுவின் தலைவன் அரகார்ன். அதுவரை டுவார்ஃபின் பிடிவாதத்தைத் திட்டிக்கொண்டிருந்த லெகோலஸுக்குத் தன் இனத்தார் நாட்டிலேயே கண்கட்டு வந்ததும் கோபம் பொங்குகிறது. பிறகு அந்நாட்டு அரசி கலாட்ரியல், கிம்லியின் மூதாதையர் இடங்களை டுவார்ஃப் மொழிப் பெயர்களாலேயே குறிப்பிடுகிறாள். பகைவர் வாயில் தன் மொழியைக் கேட்ட அந்தக் கணத்தில் அவன் மனம் இளகுகிறது. பின்னால் ஹெல்ம்ஸ் டீப் போரில் கிம்லி 42, லெகோலஸ் 41 என்று வீழ்த்திய எதிரிகளை எண்ணிக்கொள்ளும்போது, பழைய போட்டி விளையாட்டாக மாறியிருக்கிறது.

உங்கள் சுரங்கக் கதையிலும் இதைச் செய்து பாருங்கள். சரிவில் தந்தையை இழந்த டுவார்ஃப் ஒருத்தியையும், காட்டை அடைக்கச் சொன்ன அதே எல்ஃபையும் ஒரே இரவு ஒரே கூரையின் கீழ் தங்க வையுங்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தாமல் இரண்டு பக்கம் எழுதுங்கள். அவன் விடியுமுன் எழுந்து, கூரைக்கு ஒரு முட்டுக்கால் செதுக்கத் தொடங்கலாம். அவள் அதை வாங்கிக்கொள்கிறாளா இல்லையா என்பதை எழுதும்போதுதான் முடிவு செய்ய வேண்டும்.